ஐந்து கட்டையில் ஒரு நகரம்: கைத்தொலைபேசியில் பரிசோதனை இசை செய்யும் முறை

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறது. பதினான்கு வருடமாகக் குசினி மூலையில் நிற்கும் அதை நான் ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அது நின்றபோதுதான் கேட்டேன். 2022 மார்ச் முடிவில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்த நேரம் அது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடி இருட்டில் கிடந்தது. மின்விசிறி இல்லை, தொலைக்காட்சி இல்லை. அவற்றுக்கும் அடியில் வழக்கமாக இருக்கும் ஏதோ ஒன்றும் இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு மின்சாரம் வந்தது. பெட்டி ஒரு முறை உதறிவிட்டு முனகத் தொடங்கியது. நான் சிறுவயதில் எட்டு வருடம் வீணை பழகியவள். கை தானாகப் போனில் சுருதிப்பெட்டிச் செயலியைத் திறந்தது. நான்கு கட்டை சேரவில்லை. நாலரையும் சேரவில்லை. ஐந்தில் வைத்ததும் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆனால் முழுதாக ஒட்டவில்லை. நொடிக்கு இரண்டு முறை துடிக்கும் அலை ஒன்று நடுவில் நின்றது.

காரணம் பிறகுதான் விளங்கியது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மோட்டாரின் இரும்பு இரண்டு முறை இழுபடுவதால் முனகல் 100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 100 அதிர்வாக, வருகிறது. ஐந்து கட்டை, அதாவது மேற்கத்திய முறையில் ஜி என்னும் சுரம், அந்த ஸ்தாயியில் 98 ஹெர்ட்ஸ். 100-க்கும் 98-க்கும் உள்ள இரண்டுதான் நான் கேட்ட துடிப்பு. ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டில் ஒரு பங்கான அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். அந்தக் கணக்கில் நம் மின்சாரம் ஐந்து கட்டைக்கு 35 சென்ட் மேலே நிற்கிறது. தெருவோர மின்மாற்றியின் அடியில் நின்றாலும், பழைய குழாய் விளக்கின் சோக்கில் காதை வைத்தாலும் இதே சுருதிதான். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று; அங்குள்ள வீடுகள் வேறு சுருதியில் முனகும்.

நான் போனில் செய்யும் இசை முழுவதும் இந்தச் சுருதியின்மேல் எழுந்தது. அதை எப்படிச் செய்கிறேன் என்பதைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். என் தொழில் புறக்கோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்கெழுதுவது. கணினி இல்லை, ஒலிப்பதிவுக்கூடம் இல்லை. இரண்டாம் கையாக வாங்கிய அன்ட்ரொய்ட் போன், கம்பி உள்ள ஹெட்போன், தம்பியின் மகன் அவ்வப்போது கடன் தரும் ஐபேட், இவ்வளவுதான். அவன் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, "மாமி, எந்தச் செயலி நல்லது?" என்பது. எல்லோரும் அதையே கேட்கிறார்கள். நான் அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: முதல் ஒரு வாரம் ஒலிப்பதிவுச் செயலியைத் தவிர வேறு எதையும் திறக்க வேண்டாம். செயலிக்குள் ஆயிரக்கணக்கான ஆயத்த ஒலிகள் இருக்கும். அவை நன்றாகவே இருக்கும். அவற்றை எடுத்து அடுக்கினால் ஒரு மணி நேரத்தில் பாட்டுப் போல ஏதோ வந்துவிடும். அது பெர்லினில் இருப்பவருக்கும் அதே மாதிரிதான் வரும். உங்கள் ஒழுங்கையின் ஒலி உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

போனின் காதைத் திறப்பது

போனின் ஒலிவாங்கி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சுற்றுப்புறம் அமைதியானால் தானாக அளவை ஏற்றும், சத்தம் வந்தால் இறக்கும், பின்னணி என்று கருதுவதைத் துடைத்தெறியும். அழைப்புக்கு இது உதவி. நமக்கோ அந்தப் பின்னணிதான் வேண்டும். ஆகவே முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பதிவைத் தொடங்கிப் பத்து நொடி அசையாமல் இருங்கள், ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள், மறுபடி பத்து நொடி அசையாமல் இருங்கள். பிறகு ஹெட்போனில் கேளுங்கள். கைதட்டலுக்குப் பின் இரைச்சல் சட்டென்று அமுங்கி, மெல்ல மெல்ல மேலே ஏறி வந்தால், போன் உங்கள் அனுமதி இல்லாமல் அளவைத் திருத்துகிறது என்று பொருள். அன்ட்ரொய்ட் 7-இலிருந்து, பதப்படுத்தாத ஒலியைச் செயலிகள் கேட்டு வாங்குவதற்கு வழி இருக்கிறது. எல்லாப் போனும் அதைத் தருவதில்லை. ஆனால் நல்ல பதிவுச் செயலிகளின் அமைப்புப் பகுதியில் ஒலி எங்கிருந்து எடுக்கப்பட வேண்டும் என்ற தெரிவு இருக்கும், அங்கே மாற்றிப் பாருங்கள். ஐபோன்காரர்கள் வொய்ஸ் மெமோஸ் அமைப்பில் ஒலித்தரத்தைச் சுருக்காத வகைக்கு மாற்றிவிட வேண்டும்.

கோப்பு வேவ் வகையில், 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பதாக, இருக்கட்டும். 24 பிட் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் 16 போதும். 24 பிட்டில் ஒற்றைத் தடப் பதிவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட் பிடிக்கும். இடம் பிடிக்கிறதே என்று எம்.பி.3-இல் பதியாதீர்கள். எம்.பி.3 நம் காது கவனிக்காது என்று கணித்த பகுதிகளை வீசிவிட்டுத்தான் சிறிதாகிறது. சாதாரண வேகத்தில் அது தெரியாது. நாம் ஒலியை நான்கு மடங்கு இழுக்கப் போகிறோம். அப்போது அந்த ஓட்டைகள் எல்லாம் வாய் பிளந்து நிற்கும்.

பதியும்போது விமானப் பயன்முறையைப் போட்டுவிடுங்கள். அளவு காட்டும் பட்டை உச்சத்தில் சிவப்பைத் தொடக் கூடாது. −12 முதல் −6 டெசிபல் வரை போதும். மெதுவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டலாம், உடைந்து பதிந்ததை ஒன்றும் செய்ய முடியாது. கடற்காற்றுக்குப் போனின் அடிப்பக்கத்தில் மெல்லிய காலுறை ஒன்றைப் போர்த்துங்கள். புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் ஒலி தாமதமாக வருவதால் விரல் தட்டுவதும் காது கேட்பதும் பொருந்தாது, தாளம் கையை விட்டுப் போய்விடும்.

எதைப் பதிவது, எதைப் பதியக் கூடாது

வீட்டிலிருந்து தொடங்குங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், மோட்டாருக்கு ஒரு சாண் தள்ளிப் போனைப் பிடித்து மூன்று நிமிடம். உங்களிடம் புதிய இன்வேட்டர் வகை இருந்தால் அது 100-இல் நிற்காது, வேகம் மாற மாறச் சுருதியும் மாறும். அப்படியானால் குழாய் விளக்கையோ மின்மாற்றியையோ தேடுங்கள். இதுதான் உங்கள் தம்புரா. மற்ற எல்லாம் இதோடு சேர வேண்டும்.

அடுத்து மின்பிறப்பாக்கி. இங்குள்ள பெருஞ்சாலையான காலி வீதியில் கடைகளின் வாசலில் மின்சாரம் போனதும் இழுத்து ஓட விடுவார்களே, அந்தச் சிறிய வகை. அவற்றில் பெரும்பாலானவை 50 ஹெர்ட்ஸ் தருவதற்காக நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகின்றன. நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். கணக்குப் போட்டால் நொடிக்கு 25 வெடிப்பு. ஒரு ஸ்தாயி இறங்க எண் பாதியாகும்; ஆக இது குளிர்சாதனப் பெட்டிக்குச் சரியாக இரண்டு ஸ்தாயி கீழே. எனக்கு இது தெரிய வந்த இரவில் தூக்கம் வரவில்லை. மின்சாரம் இருந்தாலும் போனாலும் இந்த நகரம் ஒரே சுருதியில்தான் நிற்கிறது. கடையில் யாராவது நீர் கொதிக்கும் கேத்தலைப் போட்டால் இயந்திரம் ஒரு கணம் திணறும். சுருதி சரிந்து மறுபடி ஏறும். அந்தச் சரிவைக் கண்டிப்பாகப் பதியுங்கள். எந்தச் செயலியிலும் அதை விரலால் செய்துவிட முடியாது.

ரயிலுக்கு எங்கள் கடலோரச் சாலையான மரைன் டிரைவ். பாதையில் இறங்க வேண்டாம், தண்டவாளத்துக்கு அருகில் நிற்கவும் வேண்டாம்; நடைபாதையில் நின்றாலே போதுமான அளவு கிடைக்கும். கடல் ஒரு பக்கம், ரயில் நடுவில், பஸ் இந்தப் பக்கம் என்று மூன்றும் ஒன்றாக வரும் இடம் இது. முதலில் எனக்கு இந்தக் கலவை தொல்லையாக இருந்தது. பிறகு கடையில் வெட்டி மிஞ்சிக் கிடந்த இரண்டங்குல பி.வி.சி குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். இரண்டு முனையும் திறந்த குழாய்க்குள் காற்று தன் நீளத்துக்கு ஏற்ற சுரத்தை மட்டும் பலமாக ஒலிக்கும். நம் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகிறது. ஆகவே 1.7 மீட்டர், அதாவது ஐந்து அடி ஏழு அங்குலக் குழாய் 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும். கம்பி உள்ள ஹெட்போனின் ஒலிவாங்கியைக் குழாயின் நடுவரை தள்ளுங்கள். அடிச்சுரம் நடுவில்தான் பலமாக இருக்கும், வாயோரத்தில் மெலிந்துவிடும். குழாயைக் கைப்பிடிச் சுவரின்மேல் கிடத்துங்கள். ரயிலும் அலையும் பஸ்ஸும் எல்லாம் அதற்குள் நுழைந்து ஐந்து கட்டையில் வெளியே வரும். ஒரு மாலை பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் வந்து இது என்னவென்று கேட்டார். ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன். அடுத்த ரயில் போய் முடியும்வரை அவர் அதைத் திருப்பித் தரவில்லை.

கொத்து ரொட்டிக்குக் கேட்டுவிட்டுப் போங்கள். நான் போகும் கடையில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கூட்டம் குறையும். "நானா, இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் பதியலாமா?" என்று கொத்துப் போடும் அண்ணனிடம் கேட்டேன். "படம் வேண்டாம் தங்கச்சி, சத்தம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள்" என்றார். இரண்டு தகடு, ஒரு சூடான இரும்புப் பலகை. ரொட்டி பெரிதாக இருக்கும்போது அடி கனத்து வரும், நொறுங்க நொறுங்க மெலிந்து வேகமாகும், கடைசியில் பலகையை ஒட்டிச் சுரண்டுவார். ஒரு தட்டுக் கொத்துக்குள் மெதுவான விளம்பமும் நடுத்தரமான மத்திமமும் வேகமான துரிதமும் இருக்கின்றன. வேலை முடியும்வரை பதியுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள்.

பாண் விற்கும் வண்டி பீத்தோவன் மெட்டை ஒலித்தபடி வந்து போவதையும் பதியலாம். மணிக்கு 20 கிலோமீட்டரில் அது உங்களைக் கடந்தால், வரும்போது இருந்த சுருதிக்கும் போகும்போது உள்ள சுருதிக்கும் அரைச்சுரத்தில் பாதிக்குச் சற்று மேல் வித்தியாசம் இருக்கும். அந்த இறக்கத்தை மட்டும் வெட்டி எடுங்கள்.

பதியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் விடியற்காலையில் பாங்கொலியும் கோயில் மணியும் பௌத்தர்களின் பிரித் ஓதலும் தேவாலய மணியும் ஒன்றின்மேல் ஒன்றாக வரும். கேட்க எனக்கு மிகப் பிரியம். ஆனால் யாருடைய வழிபாட்டையும் நான் வெட்டித் துண்டாக்கி, திருப்பிப் போட்டு விளையாட மாட்டேன். கோயில் மணி வேண்டியிருந்தால் குருக்களிடம் கேட்டு, பூசை இல்லாத நேரத்தில் மணியை மட்டும் பதிவேன். தெருவில் பேசுகிறவர்களின் சொற்களும் அப்படித்தான். அடையாளம் தெரியும்படி ஒரு குரல் விழுந்துவிட்டால் அந்தப் பகுதியை அழித்துவிடுவேன். காவல் அரண்களுக்கும் சீருடைக்காரர்கள் நிற்கும் வாசல்களுக்கும் முன்னால் குழாயோடு போய் நிற்காதீர்கள்.

கொத்தைத் தம்புராவாக்குவது

இப்போது செயலி. கோவாலா சாம்ப்ளர் அன்ட்ரொய்டிலும் ஐபோனிலும் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. திரையில் பதினாறு கட்டங்கள். வெறும் கட்டத்தை அழுத்திப் பிடித்தால் பதியும், விட்டால் நிற்கும், தொட்டால் ஒலிக்கும். நான் பார்த்த செயலிகளில் கைக்கும் காதுக்கும் இடையில் மிகக் குறைவாகக் குறுக்கிடுவது இதுதான்.

கொத்துப் பதிவை ஒரு கட்டத்தில் ஏற்றுங்கள். ஒரேயொரு அடியைத் தெரிந்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை ஒதுக்குங்கள். அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி வைத்து, முடிவுக் கோட்டைத் தொடக்கத்தை நோக்கி மெல்ல இழுங்கள். அரை நொடி நீளத்தில் அது தாளம். பத்தில் ஒரு நொடியில் உறுமல். நொடிக்கு இருபது முறைக்கு மேல் போனதும் தனித்தனி அடியாகக் கேட்பதைக் காது நிறுத்திவிடும், சுரம் பிறக்கும். தாளம் சுரமாக மாறும் இந்த வாசலை உங்கள் விரலால் தாண்டும்போது உடல் சிலிர்க்கும். எத்தனை முறை செய்தும் எனக்கு அது பழகிப்போகவில்லை. மின்பிறப்பாக்கியின் 25 வெடிப்பும் சரியாக இந்த வாசற்படியில்தான் நிற்கிறது. அதனால்தான் அதைத் தாளம் என்றும் சொல்லலாம், சுரம் என்றும் சொல்லலாம் போலிருக்கிறது.

நூறில் ஒரு நொடிக்கு வந்ததும் 100 ஹெர்ட்ஸ். காதால் சுருதி சேருங்கள்: குளிர்சாதனப் பெட்டிப் பதிவை இன்னொரு கட்டத்தில் ஓடவிட்டு, இரண்டுக்கும் இடையிலான துடிப்பு நிற்கும்வரை கோட்டை நகர்த்துங்கள். வீணைக்குச் சுருதி சேர்ப்பது போலத்தான்.

அடியின் எந்தப் பகுதியை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நாதம் மாறும். இரும்பு மோதும் முதல் கணத்தை எடுத்தால் கரகரப்பான, தவில் போன்ற கனம். மோதி முடிந்து பலகை அதிரும் வாலை எடுத்தால் மென்மையாக வரும். எண்ணெய் பொரியும் இடத்தை எடுத்தால் நாதசுரத்தின் மூச்சுக் காற்றைப் போலிருக்கும். மூன்றையும் செய்து வையுங்கள்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் சன்வொக்ஸ். அலெக்சாண்டர் சொலடோவ் என்னும் ரஷ்யர் எழுதியது. கணினியில் இலவசம், போனில் விலைக்கு. பழைய, மெதுவான போனிலும் ஓடும். திறந்ததும் பெட்டிகளும் கம்பிகளும் மேலிருந்து கீழே ஓடும் எண் வரிசையும் தெரியும். பயந்து மூடிவிடாதீர்கள், கணக்குப் புத்தகத்தைப் போல வரிவரியாகப் படித்தால் பிடிபடும். அதிலுள்ள சாம்ப்ளர் பெட்டியில் திரும்பும் பகுதியின் நீளத்தை, அதில் எத்தனை அளவீடு என்று, எண்ணாகவே கொடுக்கலாம். 48,000 ஹெர்ட்ஸில் பதிந்த ஒலிக்கு 480 என்று கொடுத்து அதன் சொந்த வேகத்தில் ஒலித்தால் 100 ஹெர்ட்ஸ். 320 கொடுத்தால் 150, அது பஞ்சமம். 240 கொடுத்தால் 200. மேல் ஸ்தாயி சட்ஜம். தம்புராவின் நான்கு தந்திகளும் வந்துவிட்டன அல்லவா? 150, 200, 200, 100 என்று வரிசையாக மீட்டுங்கள். ஒவ்வொன்றையும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நீளமாக விடுங்கள். வெள்ளவத்தைக் கொத்துப் பலகை தம்புராவாகிவிடும்.

தாளத்துக்கும் அதே கொத்தைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். செயலிகள் நீங்கள் தட்டியதைக் கட்டத்துக்குள் இழுத்துச் சரிசெய்யப் பார்க்கும். அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். நானாவின் கை கடைசிக் கட்டத்தில் முந்தும், பிறகு ஒரு மூச்சு இடைவெளி விடும். அதை நேராக்கினால் அவர் போய்விடுவார், இயந்திரம் மட்டும் மிஞ்சும்.

ரயிலை நீட்டுவது

1948-இல் பாரிஸ் வானொலியில் வேலை செய்த பியர் ஷேஃபர், ரயில் நிலையத்தில் பதிந்த ஒலிகளை மட்டும் வைத்து ஓர் இசை செய்தார். அவரிடம் இருந்தவை இசைத்தட்டுகள். ஊசி அதே வட்டத்திலேயே சுற்றும்படி வரியை மூடிவிடுவார். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டில் அது 0.77 நொடிக்கு ஒரு முறை திரும்பி வரும். நீங்கள் கோவாலாவில் ஒரு பொத்தானைத் தொட்டுச் செய்வது அதே வேலைதான். அவருக்குத் தட்டு தேவைப்பட்டது, அதை வெட்ட ஒரு கூடம் தேவைப்பட்டது.

18 நொடி நீளமான ரயிலை எடுங்கள். சுருதியைப் பன்னிரண்டு அரைச்சுரம் இறக்கினால் ஒரு ஸ்தாயி கீழே போகும், நீளம் 36 நொடியாகும். வெளிவரும் ஒலியையே மறுபடி ஒரு கட்டத்தில் பதிந்து இன்னொரு ஸ்தாயி இறக்குங்கள்: 72 நொடி. சக்கரங்கள் இணைப்பைத் தாண்டும் தடதடப்பு கனமான, தனித்தனி அடிகளாகப் பிரிந்து, ஏதோ பெரிய மிருகம் நடப்பது போல வரும். கூடவே ஒலி மங்கிப் போவதையும் காண்பீர்கள். 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் 24,000 வரைதான் ஒலி இருக்க முடியும். இரண்டு ஸ்தாயி இறக்கியதும் அந்தக் கூரை 6,000-க்கு வந்துவிடுகிறது. மேலே வெறுமை. சிலர் அதை நிரப்ப, பெரிய மண்டபத்தின் எதிரொலி போன்ற ரிவெர்ப்பை அள்ளிக் கொட்டுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த வெறுமையில் கடல் அலையை, இழுக்காமல், அதன் இயல்பான வேகத்தில் வையுங்கள். இடம் சரியாகப் பொருந்தும்.

ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு ஒலியை மிகச் சிறிய துகள்களாக உடைத்துத் தூவும் செயலிகள் உண்டு. போர்டர்லாண்ட்ஸ் போன்றவை. தம்பி மகன் ஐபேட்டை விட்டுவிட்டுப் போகும் நாட்களில் அவற்றைத் தொட்டிருக்கிறேன். அழகாக இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பனிமூட்டமாக்கிவிடுகின்றன. நிதானமாகப் பயன்படுத்துங்கள்.

கமகத்தை வரைவது

சொலடோவின் இன்னொரு செயலி வேர்ச்சுவல் ஏ.என்.எஸ். படத்தை ஒலியாக்குவது. இடமிருந்து வலம் காலம், கீழிருந்து மேல் சுருதி. நீங்கள் கோடு வரைந்தால் அது பாடும். இதன் மூலக்கருவி சோவியத் பொறியாளர் எவ்கெனி முர்சின் பல வருடம் உழைத்துச் செய்த ஏ.என்.எஸ். சுழலும் கண்ணாடித் தட்டுகளில் வரைந்த 720 சுரங்களை ஒளியால் படிக்கும் யந்திரம் அது. ஒரு ஸ்தாயிக்கு 72 படி. அந்த 72-க்கும் நம் கர்நாடக இசையின் தாய் இராகங்களான மேளகர்த்தா 72-க்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அரைச்சுரத்தை ஆறாகப் பிரிக்கும் கருவி ஒன்று, சுரத்தை அசைத்து இசைக்கும் கமகத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை வீணைக்காரி யாரும் உடனே உணர்வாள். அந்தக் கணக்கில் நம் நகரத்துச் சுருதி, ஐந்து கட்டைக்கு ஏறக்குறைய இரண்டு படி மேலே.

முதலில் சட்ஜத்துக்கு ஒரு நேர்கோடு. தம்புராவை ஓடவிட்டு அதன்மேல் பொருந்துகிறதா என்று கேளுங்கள். பிறகு தோடி இராகத்தின் காந்தார சுரத்தை வரைந்து பாருங்கள். நான் முதல் முறை ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் அழகான, சமமான அலையாக வரைந்தேன். அம்புலன்ஸ் ஊளை போல வந்தது. பல நாள் கழித்து, கண்ணை மூடிக்கொண்டு, வீணையில் இடது கை என்ன செய்யும் என்று நினைத்தபடி விரலை இழுத்தபோதுதான் வந்தது. கீழே தங்க வேண்டும், மேலே தொட்டதும் திரும்பிவிட வேண்டும், இரண்டு அசைவும் ஒரே அகலத்தில் இருக்கக் கூடாது. திரையில் அது அலையாகத் தெரியாது, கிறுக்கலாகத் தெரியும். கண்ணுக்கு அழகாக இருப்பதை நம்பாதீர்கள்.

பதிந்த ஒலியையும் இந்தச் செயலி படமாக மாற்றிக் காட்டும். குளிர்சாதனப் பெட்டிப் பதிவை ஏற்றிப் பாருங்கள்: 100, 200, 300 என்று சம இடைவெளியில் எண்கள் இருந்தாலும், சுருதிக் கணக்கில் மேலே போகப்போக நெருங்கும் கோடுகளாகத் தெரியும். ஒன்றிரண்டை விரலால் அழித்துவிட்டுக் கேளுங்கள். அதே பெட்டி வேறு குரலில் பேசும்.

சேர்ப்பதும் கேட்பதும்

என் வழக்கம் இது. ஐந்து நிமிடம். தொடக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி மட்டும், ஒரு முழு நிமிடம். கேட்பவரின் காது சுருதியில் அமர அவ்வளவு நேரம் தேவை. பிறகு கொத்துத் தம்புரா அதற்குள்ளிருந்து பிரிந்து எழும். ரயில் மெல்ல ஊரும். மூன்றாம் நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒரே வெட்டில் நிறுத்துவேன், இருபது நொடிக்கு. அந்த மின்வெட்டு இரவில் நான் கேட்டதை இப்படித்தான் சொல்ல முடிகிறது. திரும்பி வரும்போது மின்பிறப்பாக்கி முதலில், சுருதி சரிந்து ஏறும் அந்த இடத்தோடு. நான்கு ஒலிக்கு மேல் ஒரே நேரத்தில் ஓடவிடுவதில்லை.

போன் ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸைத் தராது, அதற்கு அந்த அளவு மூச்சு இல்லை. ஆனால் 200, 300, 400 இருந்தால் இல்லாத 100-ஐக் காது தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே தம்புராவுக்கு, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷனைச் சிறிதளவு கொடுங்கள். மேல் சுரங்கள் முளைக்கும், பஸ்ஸில் போனை மட்டும் வைத்துக் கேட்பவருக்கும் அடிநாதம் போய்ச் சேரும். உங்கள் தீர்ப்பை மட்டும் கம்பி ஹெட்போனில் சொல்லுங்கள்.

ஒரு மழைக்காலத்தில் என் போன் தண்ணீருக்குள் விழுந்து நான்கு மாதப் பதிவுகள் போயின. திருத்துகிறவர் எவ்வளவோ முயன்றும் மீட்க முடியவில்லை. அந்தக் காலத்தில் பதிந்த ஒரு தையல் இயந்திரம், அம்மா மிதித்தது. அம்மாவின் கால் இப்போது இயலாது. ஒவ்வொரு ஞாயிறும் கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பெயரில் இடம், பொருள், நாள் மூன்றும் இருக்கட்டும்.

முடிந்ததும் சிறிய ஸ்பீக்கர் ஒன்றில் போனைப் பொருத்தி, குசினியில், பெட்டி ஓடும் நேரத்தில் படைப்பை ஒலிக்க விடுங்கள். துடிப்பு கேட்டால் எண்ணுங்கள். நொடிக்கு இரண்டு என்றால் நீங்கள் ஐந்து கட்டையிலேயே நின்றுவிட்டீர்கள், இன்னும் 35 சென்ட் ஏற வேண்டும். சரியாக 100-இல் இருந்தாலும் துடிப்பு முழுதாக நிற்காது. மின்சாரம் நாள் முழுவதும் 50-க்குச் சற்று மேலும் கீழுமாக அலைகிறது. நிமிடத்துக்குச் சில முறை, மிக மெதுவாக, இரண்டு ஒலியும் ஒன்றையொன்று தழுவி விலகும். அதற்காகவே நான் கடைசிப் பிரதியை அங்கே எடுக்கிறேன்: ஸ்பீக்கர் ஒரு பக்கம், பெட்டி மறுபக்கம், நடுவில் மேசையின்மேல் அம்மாவின் போன் இரண்டையும் பதிந்துகொண்டு.